பச்சை நூல் பட்டன்

எங்க அண்ணி மாதிரி ஒரு அழுத்தக்காரியை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. ஒரே வீட்டுல இருக்கோம், ஒரே பஸ்ல வேலைக்குப் போறோம், ஒரே காலேஜ்ல சம்பளம் வாங்கறோம். நான் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். அவங்க பசங்களுக்கான மனநல ஆலோசகர். என் ஜன்னலுக்கும் அவங்க கதவுக்கும் நடுவுல ஒரு வராந்தாதான். ஆனா அந்த ரூமுக்குள்ள போனவன் என்ன பேசினான், வெளிய வந்தவ எதுக்கு மூக்கை உறிஞ்சினான்னு அரை வார்த்தை? ம்ஹூம். கிணத்துல போட்ட கல்லு. நானும் கேக்காத கேள்வி இல்ல. காய் நறுக்கும்போது கேட்டிருக்கேன், துணி காயப்போடும்போது கேட்டிருக்கேன், ஜுரத்துல படுத்திருந்தப்போ கூட கேட்டிருக்கேன். "மழை வரும் போல இருக்கே"ன்னு ஜன்னலைப் பார்ப்பாங்க. வானம் பளிச்சுன்னு இருக்கும்.

அதனால இப்போ நான் சொல்லப்போறது எதுவும் அண்ணி சொன்னது இல்ல. என் கண்ணால பார்த்தது, என் காதால கேட்டது. மிச்சம், சம்பந்தப்பட்டவனே வந்து "எல்லார்கிட்டயும் சொல்லுங்க சைரன் மேடம்"னு அனுமதி குடுத்தது. சைரன்கறது பசங்க எனக்கு வெச்ச பேரு. என் குரல் கொஞ்சம் எடுப்பா இருக்கும், அதுக்காக. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. நல்லாவே தெரியும்.

அண்ணி சேர்ந்த புதுசுல அவங்களுக்கு ரூம் ஒதுக்கினாங்களே, ஒதுக்கினவரைக் கட்டி வெச்சு அடிக்கணும். கான்டீனுக்கு நேர் எதிர்ல. கதவுக்கு மேல 'மனநல ஆலோசனை மையம்'னு மஞ்சள் எழுத்துல ஒரு போர்டு. வாசல் கேட்ல நின்னாலே படிக்கலாம். காலேஜ்ல பாதிப் பேர் கான்டீன்ல டீயும் கையுமா உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளைக்கு அந்தக் கதவைத் தட்ட தைரியம் வரும்? தட்டிட்டு வெளிய வர்றதுக்குள்ள "அவனுக்கு மறை கழண்டுடுச்சாம்"னு ஹாஸ்டல் வரைக்கும் சேதி போயிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதனால முதல் பருவம் பூரா அண்ணி ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. சொல்லப்போனா ஈ கூட இல்ல. ஈயெல்லாம் கான்டீன்ல இருந்துச்சு. ஒவ்வொரு வகுப்பா போய்ப் பேசினாங்க. பசங்க நல்லா கை தட்டினாங்க. ஒருத்தரும் வரல. ஒரே ஒரு பையன் கதவைத் தட்டினான். அண்ணி முகமெல்லாம் மலர்ந்து "வாப்பா, உட்காரு"ன்னாங்க. "இல்ல மேடம், பாத்ரூம் எந்தப் பக்கம்?"னான்.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணி, உங்க ரூம்ல ரெண்டு பீரோ போட்டுக்கட்டுமா? பழைய பைல் வெக்க இடமில்ல"ன்னு கேட்டேன். அண்ணி சிரிச்சாங்க. "போட்டுக்கோ நாத்தனாரே. ஆனா கதவை மட்டும் மறைக்காதே"ன்னாங்க. அவங்க சிரிப்புல கொஞ்சம் வருத்தம் இருந்துச்சு. அதுக்கப்புறம் பீரோ பேச்சை நான் எடுக்கல.

இப்போ எங்க லேபைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். எங்க காலேஜ்ல முக்கால்வாசிப் பேர் வேதியியல், மருந்தியல்னு ஆசிட்டோட புழங்கற படிப்பு. எல்லாருக்கும் வெள்ளை லேப் கோட். லேப் பொறுப்பாளர் ஒருத்தர் இருக்கார். நடந்தா ஸ்கேல் நடந்து வர்ற மாதிரி இருக்கும். பசங்க விறைப்புன்னு கூப்பிடுவாங்க. முன்னாடி விறைப்பு சார்னு ஒரு மரியாதை இருந்துச்சு, போகப் போக சாரும் போயிடுச்சு. கோட்டுல ஒரு பட்டன் இல்லன்னாலும் அவர் லேபுக்குள்ள விட மாட்டார். "ஆசிட் தெறிச்சா அந்த ஓட்டை வழியாத்தான் உள்ள போகும்"பார். அது நியாயம்தான்னு வெச்சுக்கோங்க.

ஒரு நாள் காலைல ஒரு பொண்ணு பட்டன் இல்லாம வந்து, விறைப்பு வெளிய அனுப்பிட்டதுல, மாடிப்படிக்குக் கீழ நின்னு தேம்பிக்கிட்டு இருந்துச்சு. அண்ணி பார்த்துட்டாங்க. "பட்டன் கையில இருக்கா? குடு, ரெண்டு நிமிஷம்"னு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. எங்க அண்ணன் வெச்சிருக்கறது திரைச்சீலைக் கடை. யாரோ பச்சைத் திரை கேட்டு ஆர்டர் குடுத்துட்டு வாங்காமலே போயிட்டதுல ஒரு பெரிய பச்சை நூல்கண்டு எங்க வீட்டுல உருண்டுக்கிட்டு இருந்துச்சு. அண்ணி கைப்பையில அந்த நூல்தான் இருந்துச்சு. வெள்ளைக் கோட்டுல பச்சை நூலால பட்டனைத் தைச்சாங்க.

ரெண்டு நிமிஷ வேலை. அந்தப் பொண்ணு வெளிய வரும்போது மதிய மணி அடிச்சிடுச்சு. கண்ணு சிவந்திருந்தது, ஆனா முகம் தெளிஞ்சிருந்தது. கான்டீன்ல ஒருத்தி கேட்டா, "எங்கடி போன?" "பட்டன் தைக்க." அவ்வளவுதான். யாரும் அதுக்கு மேல கேக்கல.

"ஒரு பட்டனுக்கா இவ்வளவு நேரம்?"னு அன்னைக்கு பஸ்ல கேட்டேன்.

"நாலு ஓட்டை இருந்துச்சு நாத்தனாரே."

கல்லுளிமங்கி! வேற என்ன சொல்றது?

அதுக்கப்புறம்தான் எங்க காலேஜ்ல அந்த அதிசயம். பட்டனெல்லாம் பொலபொலன்னு விழ ஆரம்பிச்சுது. இன்னைக்கு இவனுக்கு மேல் பட்டன், நாளைக்கு அவளுக்கு நடு பட்டன். கோட்டைத் தூக்கிக்கிட்டு அண்ணி ரூமுக்கு ஒருத்தர் போனா ஒருத்தர். என் ஜன்னல்ல இருந்து எனக்கு எல்லாம் தெரியும். உள்ள போனதும் அண்ணி ஊசியையும் நூலையும் அந்தப் பிள்ளை கையில குடுப்பாங்க, "எனக்குக் கண்ணு சரியா தெரியல, கோத்துக் குடு"ன்னு. அண்ணிக்குக் கண்ணு தெரியலையாம்! எங்க வீட்டு அரிசியில இருக்கற கல்லை எட்ட நின்னு எடுக்கறவங்க. பிள்ளை நூல் கோக்கும், அண்ணி குனிஞ்சு தைப்பாங்க. ரெண்டு பேரும் பட்டனைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறதில்ல. அப்புறம் கதவைச் சாத்திடுவாங்க.

எனக்கோ கோட் தைச்சவன் மேல எரிச்சலான எரிச்சல். "என்னய்யா தையல் இது, எச்சில் தொட்டு ஒட்டினியா?"ன்னு போன்ல ஒரு பிடி பிடிச்சேன். பாவம், அந்த மனுஷன் தலையும் புரியாம வாலும் புரியாம முழிச்சிருப்பார்.

அந்தக் கூட்டத்துலதான் கொக்கு வந்தான். கொக்குன்னா நெடுநெடுன்னு ஒரு பையன். எங்கயாவது நின்னா ஒரு காலை மடிச்சு சுவத்துல வெச்சுக்கிட்டுத்தான் நிப்பான். அதான் அந்தப் பேரு. வந்த புதுசுல என் ஜன்னல்ல எட்டிப் பார்த்து "குட் மார்னிங் மேடம்"னு ஒரு சிரிப்பு சிரிப்பான், ஜன்னல் பூரா பல்லாத் தெரியும். அப்படிப்பட்டவன் கொஞ்ச நாளா தரையைப் பார்த்து நடந்தான். வாரா வாரம் ஒரு பட்டனோட அண்ணி ரூமுக்குப் போவான். போன வேகத்துல வந்துடுவான். மத்ததுங்க மணிக்கணக்கா இருந்துட்டு வரும். இவன் நூல் கோப்பான், பட்டன் தைச்சதும் "தேங்க்ஸ் மேடம்"னு எழுந்துடுவான். கதவைச் சாத்தக்கூட நேரம் இருக்காது, அதனாலதான் எனக்கே தெரியுது.

அவங்கம்மா ஆபீஸுக்கு போன் பண்ணுவாங்க. ரொம்பத் தூரத்துல இருக்கறவங்க, ரொம்ப மெதுவாப் பேசறவங்க. "அம்மா, என் பையன் போன் எடுக்க மாட்டேங்கறான். நல்லா இருக்கானாம்மா?"ன்னு கேப்பாங்க. நானும் ஜன்னல் வழியா, "டேய் கொக்கு! உங்கம்மாவுக்குப் போன் பண்ணித் தொலைடா!"ன்னு கத்துவேன். "சரி மேடம்"பான். பண்ண மாட்டான். மறுபடியும் அவங்க கூப்பிடுவாங்க. அந்தக் குரலைக் கேட்டா எனக்கு அடுத்த வேலை ஓடாது, மறுபடி ஜன்னல்கிட்ட போய் நின்னுடுவேன். நானும் பெத்தவதானே.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பிரின்சிபால் மீட்டிங் கூட்டினார். தங்கமான மனுஷன், ஆனா ஒரு நல்ல காரியம் பண்ணணும்னு கிளம்பிட்டார்னா யாராலயும் தடுக்க முடியாது. விறைப்பு எழுந்து, "பட்டன் விழுந்த கோட்டால எத்தனை பேர் லேபைத் தவற விடறாங்க தெரியுமா சார்? பழைய கோட்டையெல்லாம் எடுத்துட்டு, பிரஸ் பட்டன் வெச்ச புதுக் கோட் குடுத்துடலாம். டக்குனு அழுத்தினா மாட்டிக்கும், பிச்சாலும் துணியை விட்டு வராது. ஏதாவது பத்திக்கிட்டா ஒரே இழுப்புல கழட்டவும் செய்யலாம்"னார். எல்லாரும் தலையாட்டினாங்க. நானும்தான். நல்ல யோசனை, தலையாட்டாம என்ன பண்றது?

அண்ணி எழுந்தாங்க. "வேண்டாம் சார்"னாங்க.

"ஏம்மா?"

அண்ணி வாயைத் திறந்தாங்க, மூடினாங்க, மறுபடி திறந்தாங்க. "பிரஸ் பட்டன்... சத்தம் போடும் சார்."

"சத்தமா?"

"டக், டக்குன்னு. பசங்க கவனம் சிதறும்."

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அண்ணி விடல. "அப்புறம் சார், சாதாரண பட்டன்னா விரலுக்கு நல்ல பயிற்சி"ன்னாங்க. விறைப்பு இஞ்சி தின்ன குரங்காட்டம் முகத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு. கோட்டை மாத்தறதுன்னு முடிவாச்சு.

வீட்டுக்கு வந்ததும் பிடிச்சேன். "அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு? விரலுக்குப் பயிற்சியா? கேக்கறவங்க நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?" அண்ணன் நடுவுல வந்து, "அவளுக்குப் பட்டன்னா பிடிக்கும் போல, விடேன்"னார். இவர் ஒருத்தர், எந்த நேரத்துல என்ன பேசறதுன்னு தெரியாது.

மறுநாள் டீ நேரத்துக்கு முன்னாடி பைல் எடுக்க மாடிப்படிப் பக்கம் போனேன். படிக்குக் கீழ யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எட்டிப் பார்த்தா, பம்பரம். எங்க காலேஜ் ஆட்டம் பாட்டம் எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கற பொண்ணு, ஒரு இடத்துல நிக்க மாட்டா, அதனால பம்பரம். மடியில லேப் கோட். கையில நகவெட்டி. தன்னோட கோட்டுப் பட்டனைத் தானே நறுக்கு நறுக்குன்னு வெட்டிக்கிட்டு இருக்கா!

"அடிப்பாவி!" சைரன் முழுசா வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு பாய்ஞ்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"மேடம், மேடம், கத்தாதீங்க. ப்ளீஸ்."

"காலேஜ் கோட்டை வெட்டறியா? உன்னை..."

"வேற எப்படி மேடம் உள்ள போறது?"

அவ மெதுவா சொன்னா. "சும்மா போய் கதவைத் தட்டினா கான்டீன் பூரா என்னாச்சு என்னாச்சுன்னு கேக்கும். பட்டன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

"நீயா? நீதான் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பியேடி!"

"அதான் மேடம்"னா. "எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கணும்னா எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

நான் அந்தப் படியிலயே உட்கார்ந்துட்டேன். அவளும் பக்கத்துல உட்கார்ந்தா. பட்டனை வெட்டச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கலையாம். லேப்ல பக்கத்துல நிக்கறவன் கோட்டுல பச்சை நூலைப் பார்த்துப் பார்த்துத் தானாத் தெரிஞ்சுக்கிட்டாங்களாம். "பச்சை நூல் பார்த்தா ஒரு தைரியம் வரும் மேடம். ஓ, நீயுமான்னு. பேசிக்க மாட்டோம். ஆனா அவன் பக்கத்துல நின்னு பரிசோதனை பண்ணா கை நடுங்காது"ன்னா. அவ கோட்டைப் பார்த்தேன். ரெண்டு பட்டன் ஏற்கெனவே பச்சை.

நான் திட்டினேன்னா நினைக்கறீங்க? மூக்கைச் சிந்திட்டு, "நகவெட்டி வேண்டாம், துணி கிழிஞ்சுடும். என் மேஜையில கத்திரிக்கோல் இருக்கு, வா"ன்னேன்.

அன்னைக்கு பஸ்ல அண்ணி பக்கத்துல உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணி, பட்டன் விஷயம் எனக்குத் தெரியும்"னேன்.

"எந்தப் பட்டன்?"

பாருங்களேன்! எந்தப் பட்டனாம்! ஆனா நான் விடல. "வெட்டின நூலுக்கும் அறுந்த நூலுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதா? முதல் நாளே தெரிஞ்சிருக்கும். மீட்டிங்ல உண்மையைச் சொன்னா, யார் கோட்டுல எத்தனை பச்சைன்னு எல்லாரும் உத்துப் பார்ப்பாங்கன்னுதானே டக் டக்குன்னு உளறினீங்க?"

அண்ணி வெளிய பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "இன்னும் கொஞ்ச நாள் கிடைச்சிருந்தா போதும்"னாங்க. அவ்வளவுதான். யாருக்காகன்னு சொல்லல. சொல்லவும் வேண்டாம். கொக்கு கோட்டை நான் பார்த்திருக்கேன். மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாப் பட்டனும் பச்சை. வெட்டறதுக்கு வெள்ளைப் பட்டனே மிச்சமில்லாம பச்சையையே மறுபடி வெட்டிக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தான். இத்தனை தடவை வந்தும் ஒரு வார்த்தை பேசல. இனி பட்டனும் இல்லன்னா அவன் எதைச் சாக்குச் சொல்லி வருவான்? வராமலே போயிட்டா? அவங்கம்மா குரல் காதுல கேட்டுச்சு.

என்னால முடிஞ்சதைப் பண்ணேன். கோட் குடுக்கறவருக்குப் போன் போட்டு, "அவசரமே இல்லைங்க, மெதுவா அனுப்புங்க, வண்டி கிண்டி ரிப்பேர்னு சொன்னாலும் நாங்க நம்புவோம்"னேன். முன்னாடி நான் போட்ட சத்தத்துல மனுஷன் அரண்டு போயிருந்தார் போல. "இல்ல மேடம், உங்களுக்குன்னு ராப்பகலா தைச்சாச்சு"ன்னு சொன்ன தேதிக்கு முன்னாடியே கொண்டுவந்து இறக்கிட்டார். நல்லது பண்ணப் போனா இப்படித்தான்.

பழைய கோட்டெல்லாம் என் ஆபீஸ்ல மூட்டையா குவிஞ்சுது. பசங்க பளபளன்னு புதுக் கோட்டுல டக் டக்குன்னு சத்தம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க. அண்ணி சொன்னது பொய் இல்ல, சத்தம் போடத்தான் செஞ்சுது. அண்ணி ரூம் வாசல்ல மறுபடியும் ஈ இல்ல. அண்ணி கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, தைக்க ஒண்ணும் இல்லாம கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அவங்க முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கல.

கொக்கு வகுப்புக்கு வர்றதை நிறுத்திட்டான். அண்ணி ஹாஸ்டலுக்கே போய்ப் பார்த்தாங்களாம். இதுவும் அண்ணி சொல்லல, வார்டன் சொன்னார். ரூம் வாசல்லயே நின்னு, பின்னால நண்பனுங்க பார்த்துக்கிட்டு இருக்க, "நல்லா இருக்கேன் மேடம்"னானாம். "என் கதவு திறந்தே இருக்கும்"னு மட்டும் சொல்லிட்டு, "இவன் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்க, சாப்பிட்டானான்னு பாருங்க"ன்னு வார்டன்கிட்ட சொல்லிட்டு வந்தாங்களாம்.

அடுத்த நாள் காலைல அவங்கம்மா போன். "அம்மா, அவன் குரலை ஒரு தடவை கேட்டாப் போதும்மா. திட்டினாக்கூடப் பரவாயில்ல"ன்னாங்க. நான் சும்மா இருந்திருக்கணும். என் வாய் சும்மா இருக்குமா? "இன்னைக்கே பேச வெக்கிறேம்மா. இது என் பொறுப்பு"ன்னுட்டேன்.

டீ மணி அடிச்சுது. கான்டீன்ல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். நேரா ஹாஸ்டலுக்குப் போய் அவன் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றதுன்னு முடிவு பண்ணி எழுந்தேன். ஜன்னல் வழியா பார்க்கறேன், வராந்தாவுல கொக்கு!

புதுக் கோட்டு. எல்லாப் பட்டனும் கழுத்து வரைக்கும் கச்சிதமா மாட்டியிருக்கு. அண்ணி ரூம் வரைக்கும் வந்தான். தாண்டிப் போயிட்டான். தண்ணி குழாய்கிட்ட நின்னான். குடிக்கல. திரும்பி வந்தான். அண்ணி உள்ள இருந்து கூப்பிடலாம் இல்லையா? கூப்பிடல. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையல. எனக்கு 'வாடா கண்ணா, உள்ள போடா'ன்னு கத்தணும்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. வாயில கைக்குட்டையை வெச்சு அடைச்சுக்கிட்டேன். சத்தியமா.

கான்டீன்ல ரேடியோன்னு ஒருத்தன் உண்டு. வாய் மூடாது. அவன் பார்த்துட்டான். "டேய் கொக்கு! புதுக் கோட்டுலயும் பட்டன் போச்சாடா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாத் தலையும் திரும்புச்சு. கொக்கு அப்படியே நின்னான். காது ரெண்டும் செவந்துடுச்சு. போச்சு, ஓடிடுவான்னு நினைச்சேன்.

அவன் ஓடல. ரேடியோவை நேராப் பார்த்தான்.

"பட்டனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல. பேசப் போறேன்"னான்.

கான்டீன்ல டீ ஆத்தற சத்தம் கூட நின்னுடுச்சு. கொக்கு கதவைத் தட்டினான், திறந்திருந்த கதவை. அண்ணி எழுந்து வந்து, "வாப்பா"ன்னாங்க. கதவைச் சாத்தினாங்க.

அப்புறம் ஒரு நாற்காலி நகர்ற சத்தம். பம்பரம். நேரா வந்து அண்ணி கதவுக்குப் பக்கத்துல சுவத்துல சாஞ்சு நின்னா. "அவனுக்கு அடுத்து நான்"னா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. பின்னாலயே ஒரு பையன் எழுந்தான், "அப்ப உனக்கடுத்து நான்." கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு. அவ பின்னால, அன்னைக்கு முதல் பட்டன் தைச்சுக்கிட்ட அந்தப் பொண்ணு. ஒவ்வொருத்தரா வந்து நின்னாங்க. என் மூட்டையில இருக்கற பச்சைப் பட்டனெல்லாம் எழுந்து வந்து வரிசையில நிக்கற மாதிரி இருந்துச்சு. கடைசில, டீயைக் கையில வெச்சுக்கிட்டு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, ரேடியோ.

"நீ எங்கடா வந்த?"ன்னா பம்பரம்.

"ஏன், எனக்கு மட்டும் வீட்டுல பாயசமா ஊத்தறாங்க? தள்ளி நில்லு"ன்னான்.

எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. இந்தத் தடவை அது வேற சிரிப்பு. யார் முன்னாடி யார் பின்னாடின்னு தள்ளுமுள்ளு வேற ஆரம்பிச்சுடுச்சு. அப்போதான் நான் வெளிய வந்தேன். "வரிசை! ஒழுங்கா வரிசை! இடிச்சவனை விறைப்புகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்!"னு சைரன் முழங்குச்சு. முழங்கிக்கிட்டே அழுதேன். ஆமா, அழுதேன், அதுக்கென்ன இப்போ?

ரொம்ப நேரம் கழிச்சுக் கொக்கு வந்தான். கண்ணு வீங்கியிருந்தது. நேரா என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னான். "மேடம், ஆபீஸ் போன்ல பேசிக்கலாமா? என் போனை அணைச்சு வெச்சு ரொம்ப நாளாச்சு, உயிரே இல்ல."

நம்பரை நானே போட்டுக் குடுத்தேன். ஒரு பைலை எடுத்துப் படிக்கற மாதிரி பிடிச்சுக்கிட்டேன். தலைகீழாப் பிடிச்சிருந்தேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கொக்கு ஒரு காலை மடிச்சு சுவத்துல வெச்சுக்கிட்டு, "அம்மா"ன்னான். "அம்மா, நான் பரீட்சையில பெயில் ஆயிட்டேம்மா. ரெண்டு பேப்பர். பள்ளிக்கூடத்துல முதல் மார்க் வாங்கினவன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கீங்களே, அதான் போன் எடுக்க பயமா இருந்துச்சு. தூக்கமே வரலம்மா."

எப்பவும் மெதுவாப் பேசற அந்த அம்மா குரல் எனக்கே கேட்டுச்சு, அப்படி ஒரு சத்தம். "அவ்வளவுதானாடா? அடப்பாவி, இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு செத்துச் செத்துப் பிழைச்சுக்கிட்டு இருக்கேனே! பரீட்சை கிடக்கட்டும்டா, அது அடுத்த தடவை வரும். நீ சாப்பிட்டியா?"

"இல்லம்மா"ன்னான்.

"அந்த ஆபீஸ் அம்மா பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட குடு."

என் மதிய சாப்பாட்டை அவன்தான் சாப்பிட்டான். டப்பாவை வழிச்சு நக்காத குறை.

ஒரே நாள்ல எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நானும் சொல்ல மாட்டேன். தூக்கம் வராததுக்கு அண்ணி அவனை டாக்டர்கிட்டயும் அனுப்பினாங்க. நடுவுல ரெண்டு மூணு வாரம் மறுபடி தரையைப் பார்த்து நடந்தான். ஆனா பார்க்கறப்பல்லாம் கூட யாராவது இருந்தாங்க, பெரும்பாலும் ரேடியோ, காதுக்குள்ள எதையாவது ஓட்டிக்கிட்டு. மறுபரீட்சையில ஒரு பேப்பர் தேறிட்டான். இன்னொண்ணு ஊத்திக்கிச்சு. வராந்தாவுல இருந்தே, "மேடம்! பாதி பாஸ்!"னு கத்தினான். ஜன்னல் பூரா பல்லு.

எல்லார் முன்னாடியும் கதவைத் தட்டி உள்ள போனானே, அன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டானாம். "பட்டன் இல்லன்னாலும் ஒரு தையல் போட்டு விடுங்க மேடம்"னு. அண்ணி கோட் காலர் ஓரத்துல பச்சை நூலால சின்னதா ஒரு தையல் போட்டு விட்டாங்க. அப்புறம் பின்னால வந்ததுங்க சும்மா போகுமா? இப்போ எங்க காலேஜ்ல எந்தக் காலரைப் பார்த்தாலும் ஒரு பச்சை. யாரும் மறைக்கறதில்ல. பிரின்சிபால் அது ஏதோ புது டிசைன்னு நினைச்சு கோட் குடுத்தவரைப் பாராட்டினார். அந்த மனுஷன் இன்னும் முழிச்சுக்கிட்டு இருக்கார்.

போன வாரம் விறைப்பு ஒரு கையெழுத்துக்கு என் மேஜைக்கு வந்தார். குனிஞ்சப்போ பார்த்தேன். காலர் ஓரத்துல பச்சை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். "என்னம்மா?"ன்னார். "ஒண்ணுமில்ல சார், இங்க போடுங்க"ன்னு இடத்தைக் காட்டினேன். அவர் எதுக்குப் போனார்னு நான் யார்கிட்டயும் கேக்கல. கேட்டா மட்டும் அண்ணி சொல்லிடவா போறாங்க?

என் கைப்பை வார்லயும் ஒரு பச்சைத் தையல் இருக்கு. ஒரு மதியம், வரிசையில நின்னு, என் முறை வந்ததும் போனேன். வீட்டுல தினம் பார்க்கற அண்ணிதானேன்னு நினைச்சுத்தான் உட்கார்ந்தேன். அவங்க ஊசியையும் நூலையும் என் கையில குடுத்து, "கண்ணு சரியா தெரியல, கோத்துக் குடு"ன்னாங்க. என்ன பேசினேன்னு கேக்காதீங்க. அன்னைக்கு சாயங்காலம் பஸ்ல எங்க அண்ணன் கூட வந்தார். "உன் நாத்தனார் ஏன் இன்னைக்கு இவ்வளவு சிரிச்ச முகமா வர்றா?"ன்னு அண்ணிகிட்ட கேட்டார்.

அண்ணி ஜன்னலைப் பார்த்தாங்க. "மழை வரும் போல இருக்கே"ன்னாங்க.